பகலெல்லாம் உறங்கும் ஆச்சி: முதியோர் நலம் கேள்வி – பதில்

இடுப்பு எலும்பு முறிவு பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. நோயிலிருந்தோ அடிபட்டதிலிருந்தோ மீண்டு வீடு திரும்பிய பெரியவர்கள் முன்னைவிட மிக அதிகமாக உறங்குகிறார்கள். அது நல்லதற்கா, கெட்டதற்கா என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அவற்றில் சில கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. புறவாசலில் துவைகல் அருகே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பாளையங்கோட்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறவர், இப்போது இரவில் பத்து மணி நேரமும் பகலில் நாலைந்து மணி நேரமும் உறங்குகிறார். எழுப்பினால் எழுந்து பேசுகிறார். மாலையில் பேரன் சொல்லும் பள்ளிக்கூடக் கதையைக் கேட்கிறார். ஆனால் அரை மணி நேரத்தில் கண் செருகிவிடுகிறது. "உறங்கட்டும், உறக்கந்தான் மருந்து" என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. என் நாத்தனாரோ, உயிர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது என்று அழுகிறார். யார் சொல்வதை நம்புவது?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த ஆறுதல் தந்த வரி, பேரன் சொல்லும் கதையை அவர் கேட்கிறார் என்பது. மீண்டுவரும் முதியவர் எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்பதைக் காட்டிலும், விழித்திருக்கும் நேரத்தில் எப்படி இருக்கிறார் என்பதையே நாங்கள் முதலில் பார்ப்போம். கூப்பிட்டவுடன் விழித்து, ஆளை அறிந்து, கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்லி, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கிறவரின் உறக்கம், பெரும்பாலும் உடல் தன்னைச் சீர்படுத்திக்கொள்ளும் உறக்கமே.

எலும்பு முறிந்த இடத்திலும் கத்தி பட்ட தசையிலும் உண்டாகும் அழற்சியால் சைட்டோகைன் எனப்படும் புரதங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. மூளையை எட்டி, 'அசையாதே, படுத்துக்கொள்' என்று சொல்பவை அவைதாம். காய்ச்சலின்போது நமக்குக் கண் சொக்குவதும் அவற்றால்தான். இளையவருக்குச் சில நாட்களில் அடங்கிவிடும் இந்த அழற்சி முதியவருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். இதனோடு முறிவிலும் அறுவையிலும் இழந்த இரத்தம், ஆஸ்பத்திரியில் விளக்கு வெளிச்சத்திலும் இரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களின் நடமாட்டத்திலும் கெட்டுப்போன இரவுகள், வலி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை போய்வருவது, இப்போதைய நிலையில் அவருக்கு ஒரு நாள் வயல்வேலைக்குச் சமம்.

ஆகவே பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். இந்த உறக்கம் வாரத்துக்கு வாரம் குறைந்துவர வேண்டும். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்; சென்ற ஞாயிற்றுக்கிழமையையும் இந்த ஞாயிற்றுக்கிழமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேரனோடு அரை மணி நேரம் பேசியவர் அடுத்த வாரம் முக்கால் மணி நேரம் பேசினால் போதும், வண்டி சரியான பாதையில் போகிறது. முழுத் தெம்பு திரும்பப் பல மாதங்கள் ஆகும். தேறிவந்தவர் திடீரென்று பின்னோக்கிப் போனாலோ, மூன்று வாரமாக எள்ளளவும் முன்னேற்றம் இல்லையென்றாலோ, அப்போது காரணம் தேட வேண்டும்.

அந்தத் தேடலை வீட்டிலேயே தொடங்கலாம். அவருடைய மாத்திரைப் பையை ஒரு செய்தித்தாளின்மேல் கொட்டுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தவை, அதற்கு முன்பே சாப்பிட்டுவந்தவை, மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரைகள் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். வலிக்குத் தரும் டிரமடால், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்ஸிசின் ஆகிய எல்லாமே உறக்கம் வரவழைப்பவை. வயதாக ஆகச் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால், ஐம்பது வயதுக்காரருக்கு ஆறு மணி நேரத்தில் வெளியேறும் மருந்து இவர் உடலில் மேலும் பல மணி நேரம் தங்கிவிடும். அறுவையான முதல் வாரத்துக்கென எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்காகவே இரண்டு மாதமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் பல. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பையை அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் சென்று, இன்னும் தேவைப்படுபவை எவை என்று கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் சோடியமும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சோடியம் இறங்குவது அடிக்கடி நடப்பது. இயல்பளவு 135 முதல் 145 வரை. அது மிகவும் இறங்கினால் முதல் அடையாளமே சோர்வும் மயக்கமும்தான்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். உறங்குவது வேறு, படுக்கையிலேயே கிடப்பது வேறு. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயில்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. நலமாக இருந்தவர்களுக்கே அப்படியென்றால், இடுப்பில் கம்பி வைத்தவரின் கால் என்னவாகும்! மூன்று வேளைச் சாப்பாட்டையும் படுக்கையில் கொடுக்காமல் நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். எழுப்பியவுடன் நிற்கவைத்துவிடாதீர்கள், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும், பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைக்கட்டும், தலை சுற்றவில்லை என்று அவர் சொன்ன பிறகே வாக்கரைக் கையில் கொடுங்கள். காலை எட்டு மணிக்கு முன் தார்சாவில் (வீட்டின் முன்தாழ்வாரத்தில்) வெளிச்சம் படும்படி அமரவைத்தால், பகல் எது இரவு எது என்பதை மூளை மறுபடியும் கற்றுக்கொள்ளும். உங்களால் அழைத்துப் போக முடியாவிட்டால், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். நீண்ட நேரம் உறங்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களிக்கவைத்து, குதிகாலும் வால் எலும்புப் பகுதியும் சிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

கஞ்சியை மட்டும் கொடுத்துத் தேற்ற முடியாது. மீண்டுவரும் முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் வேண்டும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம். உளுந்தஞ்சோறு, சிறுபயறு, கானத்துவையல் (கொள்ளுத் துவையல்), தயிர், சாப்பிடுகிறவராக இருந்தால் சாளையோ நெத்திலியோ, இவற்றைச் சிறு சிறு அளவாக ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

உங்கள் நாத்தனாரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. தீராத நோயின் முடிவில் உறக்கம் கூடுவது உண்மைதான். ஆனால் அப்போது உணவும் தண்ணீரும் இறங்காது, விழிக்கும் சிறு பொழுதிலும் சுற்றியிருப்பவர்மேல் நாட்டம் இராது. உங்கள் மாமியார் கதை கேட்கிறார். அதை நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. நிமோனியாவுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார். வந்த நான்கு நாள் நன்றாக இருந்தார். இரண்டு நாளாகப் பகல் முழுவதும் உறங்குகிறார். எழுப்பினால் கண்ணைத் திறந்து வெறுமனே பார்க்கிறார். என் தங்கையை, இறந்துபோன அத்தையின் பெயர் சொல்லி அழைத்தார். இரவில் போர்வையை இழுத்து இழுத்துத் தடவுகிறார். காய்ச்சல் இல்லை. சத்தம் போடாமல் படுத்திருப்பதால், வயதுக் கோளாறு என்று அண்ணன் சொல்கிறார்.
– ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திராமல் அன்றே அஞ்சல் வழியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். இருந்தாலும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது வயதுக் கோளாறு அன்று. வயதுக் கோளாறு இரண்டு நாளில் வராது.

டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம், முதியவர்களுக்கு நோயின்போதும் அறுவைக்குப் பின்னும் மிகப் பரவலாக வருவது. கத்துகிறவரை, குழாயைப் பிடுங்குகிறவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். அதே குழப்பம் சிலருக்கு அமைதியான வடிவில் வரும். பேச்சு குறைந்து, கண் சொருகி, எந்நேரமும் உறங்குகிறவர்போல் கிடப்பார்கள். யாருக்கும் தொந்தரவு தராததால் இது கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதனாலேயே இது கூடுதல் ஆபத்தானது. மூளைக்கு வெளியே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்பதை மூளை இப்படித்தான் தெரிவிக்கிறது. நிமோனியா திரும்பியிருக்கலாம், சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கலாம், நீர்ச்சத்தோ சோடியமோ குறைந்திருக்கலாம், சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கலாம், பல நாள் மலச்சிக்கல்கூட இதைச் செய்யும். காய்ச்சல் இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். எண்பதைக் கடந்த உடலில் கடுமையான தொற்றுகூடச் சூடு காட்டாமல் இருப்பதுண்டு.

வீட்டில் ஐயம் வந்தால் இப்படிப் பாருங்கள். அவரை நன்றாக எழுப்பி உட்காரவைத்து, கண்ணாடியும் காதுக்கருவியும் இருந்தால் மாட்டிவிட்டு, கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று நிதானமாகவேனும் போய் முடித்துவிட்டால் கவனம் நிலைத்திருக்கிறது. வெள்ளிக்குப் பிறகு நின்று, எதைக் கேட்டோம் என்பதையே மறந்து, பார்வை விட்டத்துக்குப் போய்விட்டால், முன்பு இதை எளிதாகச் சொல்லக்கூடியவராக இருந்தவருக்கு அது பெரிய மாற்றம். காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக மாறி மாறி வருவதும் இதன் இயல்பு; தெளிந்த நேரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மூச்சு வேகமாக இருந்தாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 92க்குக் கீழே போனாலோ, கூப்பிட்டும் உலுக்கியும் சரியாக விழிக்காவிட்டாலோ 108ஐ அழைத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைபோல் எல்லா வசதியும் உள்ள இடத்துக்கே கொண்டுசெல்லுங்கள். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள். சிலருக்கு அது வாரங்கள் எடுக்கும்.

கேள்வி: உறங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள என் பெரியம்மா, மஞ்சள்காமாலைக்குப் பிறகு பெரும்பாலும் உறங்குவதால் இரண்டு வேளைதான் சாப்பிடுகிறார். எழுப்பிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கட்டாயம் எழுப்ப வேண்டும், அதுவும் சர்க்கரை நோயுள்ளவரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்த்துவிட்டு வேலை செய்வதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு எழுதிய அளவை இரண்டு வேளை சாப்பிடுகிறவருக்குக் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். கல்லீரல் நலிந்திருக்கும்போது அது இன்னும் எளிதாக நடக்கும். முதியவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல், நேரே உறக்கமும் உளறலுமாகவே அது வெளிப்படலாம். வழக்கமில்லாத உறக்கமாகத் தோன்றினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடியும் பாருங்கள். ஏறினாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்கும், ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே 108தான். மாத்திரை அளவைக் குறைப்பது பற்றி இன்றே மருத்துவரைப் பாருங்கள். அதோடு, காமாலை வந்தவருக்கு உறக்கம் கூடுவதைக் கல்லீரல் தொடர்பான மயக்கத்தின் தொடக்கமோ என்று சோதித்துவிடுவதே பாதுகாப்பு. ஆகையால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஊட்டும்போது, அரை உறக்கத்தில் படுக்கவைத்து வாயில் ஊற்றுவதைப்போல் ஆபத்தானது வேறில்லை. கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். முகத்தை ஈரத்துணியால் துடைத்து, பேச்சுக் கொடுத்து, முழுக்க விழித்த பிறகு நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாய்க்க வேண்டாம்.

கேள்வி: இருதய அறுவைக்குப் பின் என் மாமனார் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கிறார், வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை. தெரிந்த ஒருவர் கொடுத்த உறக்க மாத்திரையைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: வேண்டாம். அல்பிரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகள் முதியவரின் கால் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கூட்டி, இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழவைப்பவை. முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று 1991 முதல் மருத்துவ உலகம் கைக்கொள்ளும் 'பியர்ஸ் பட்டியல்' இவற்றையும் குறிப்பிடுகிறது. அவர் பல ஆண்டுகளாகவே இதைச் சாப்பிட்டுவருகிறவர் என்றால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பகலைச் சரிசெய்யாமல் இரவைச் சரிசெய்ய முடியாது. அவர் கட்டில் இருட்டான உள்ளறையில் கிடந்தால், பகலில் மட்டுமாவது பட்டாசலுக்கு (வீட்டின் கூடத்துக்கு) மாற்றுங்கள். காலையில் வெளிச்சம், குளிப்பு, வேட்டி மாற்றுதல், செய்தித்தாள், மருத்துவர் அனுமதித்த அளவு நடை ஆகியவை அந்தந்த நேரத்தில் நடக்கட்டும். மதியம் ஒரு மணி நேரம் உறங்கட்டும். மூன்று மணிக்குப் பிறகு காப்பி வேண்டாம். நீர் பிரியும் மாத்திரையை இரவில் கொடுத்துவருகிறீர்களா என்று பாருங்கள். அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாலே சில வீடுகளில் இரவு அமைதியாகிவிடும். படுத்தால் மூச்சுத் திணறி உட்கார்ந்துகொள்கிறார் என்றால் அது உறக்கக் குறைவன்று, இருதயத்தின் குறை, உடனே காட்டுங்கள்.

கேள்வி: அம்மா (74) படிக்கட்டில் விழுந்து தலையில் இடித்துக்கொண்டார். அன்றே ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்றார்கள். ஐந்து வாரம் கழித்து இப்போது உறக்கம் கூடியிருக்கிறது. இலேசான தலைவலி, நடையில் தடுமாற்றம். பழைய ஸ்கேன் நன்றாக இருப்பதால் கவலை இல்லைதானே?
– ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: பழைய ஸ்கேனை நம்பி இருக்காதீர்கள், இன்றே புதிய ஸ்கேன் எடுக்க வேண்டும். வயதானால் மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறு இடியில்கூட அவை கசிந்து, இரத்தம் வாரக்கணக்கில் மெல்லத் தேங்கும். முதல் நாள் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருப்பது இதில் வழக்கம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம்; அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வடித்துவிட்டால், படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடும் அளவுக்குத் தேறுவதுண்டு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 72. டெங்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் ஆகிறது. இரவு எட்டு மணி நேரம் உறங்கியும் மதியம் இரண்டு மணி நேரம் படுக்காமல் முடியவில்லை. மகன், 'சோம்பல் பழகிவிட்டது' என்கிறான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: ஐயா, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இந்தக் கடிதத்தை இவ்வளவு தெளிவாக, பிழையின்றித் தங்கள் கையால் எழுதியிருப்பதே தங்கள் மூளை நலமாக இருப்பதைக் காட்டுகிறது. நலமாக இருக்கும் அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கே ஏழு முதல் எட்டு மணி நேர உறக்கம் வேண்டும். டெங்குவின் அயர்ச்சி காய்ச்சல் விட்ட பிறகும் பல வாரங்கள் தொடர்வது எங்களுக்குப் பழக்கமான காட்சி. நிமோனியாவிலிருந்து மீண்டவர்களுக்கு மூன்று மாதம் கழித்தும் களைப்பு இருப்பதுண்டு. மதிய உறக்கத்தைச் சாப்பாடு முடிந்தவுடன் வைத்துக்கொண்டு, மூன்றரை மணிக்கு எழுந்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம் நடங்கள். மறுநாள் அயர்ச்சி கூடவில்லை என்றால் அடுத்த வாரம் பதினைந்து நிமிடமாக்குங்கள், கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு மாதத்தில் மதிய உறக்கம் குறையாவிட்டால் ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகிய சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று தங்கள் துணைவியாரிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். எதிலும் மனம் செல்லாமல், பிடித்த பாட்டும் பேச்சும்கூட வேண்டாம் என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய்க்குப் பின் வரும் மனச்சோர்வும் உறக்கமாகவே தோன்றும், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. இந்தப் பக்கத்தை மகனிடமும் படிக்கக் கொடுங்கள்.